சைட்டஸ் என்றால் எந்த இடம்? வாசகர் கேள்வி பதில்

ஐயா, சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த என் தம்பி சென்ற ஆண்டு உயில் எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். எங்கள் தாயார் இங்கே என்னுடன் இருக்கிறார். தம்பி தம் சம்பாத்தியத்தில் வாங்கியவை ஊரில் ஆறு மா நஞ்சையும் சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீடும். ‘வீட்டின் சைட்டஸ் சிங்கப்பூர்’ என்பதால் தாயாருக்கு அதில் பங்கில்லை என்று அங்குள்ள வழக்கறிஞர் கடிதம் எழுதியிருக்கிறார். இதே மாதம் என் பேத்திக்கு எடுத்த இதய எக்கோ அறிக்கையின் முதல் வரியிலும் ‘சைட்டஸ் சாலிட்டஸ்’ என்று கண்டிருக்கிறது. இரண்டும் ஒரே சொல்தானா? தாயாருக்குப் பங்கில்லை என்பது சரியா?

– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒரத்தநாடு

இரண்டும் ஒரே இலத்தீன் சொல்தான். ஒரு பொருள் இருக்கும் இடம், அது அமைந்திருக்கும் நிலை என்பது அதன் பொருள். பேத்தியின் அறிக்கையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனெனில் அந்த வரியில் கவலைப்பட ஒன்றுமில்லை. ‘சாலிட்டஸ்’ என்றால் வழக்கமானது. ஈரல் வலப்பக்கம், இரைப்பையும் மண்ணீரலும் இடப்பக்கம் என உறுப்புகள் இருக்கவேண்டிய பக்கத்தில் இருக்கின்றன என்பதைத்தான் எக்கோ பார்க்கும் மருத்துவர் முதலில் குறித்துக்கொள்கிறார். அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் எந்த அறை எது, எந்தக் குழாய் எதிலிருந்து புறப்படுகிறது என்று வரிசையாகச் சொல்ல முடியும்.

தாயாரின் பங்குக்கு வருவோம். நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்கு அது எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே வாரிசுகளைத் தீர்மானிக்கும் என்பது உலகின் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதை எழுத்திலேயே சொல்கிறது. அந்தப் பிரிவு இந்துக்களுக்கு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், நம் நீதிமன்றங்கள் அவர்கள் விஷயத்திலும் இதே கோட்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன.

ஆகவே ஊரில் உள்ள ஆறு மாவுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அச்சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த ஆண்மகனின் முதல் வகுப்பு வாரிசுகளில் தாயாரும் ஒருவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் ஆகிய நால்வருக்கும் சமமாகக் கால் பங்கு. உங்கள் தாயாருக்கு ஒன்றரை மா வரும். சிங்கப்பூர் வீட்டுக்கு அந்த நாட்டின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மறுபாதி என்று அது பிரிக்கிறது; பிள்ளைகள் இல்லாதபோதுதான் பெற்றோரின் முறை வரும். எனவே வழக்கறிஞர் எழுதியது சரிதான். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும், ஒருவர் காலமானால் மற்றவருக்கே முழுவதும் சேரும் வகையில் பதிவாகியிருந்தால் பங்கு பிரிக்கும் பேச்சே எழாது. அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வங்கி இருப்பு போன்ற அசையும் சொத்தின் நிலை வேறு. அதற்குப் பணம் கிடக்கும் இடம் கணக்கில்லை. காலமானபோது உங்கள் தம்பியின் நிரந்தர வாழிடம், அதாவது ‘டொமிசைல்’, எந்த நாடாக இருந்ததோ அந்த நாட்டுச் சட்டம் பொருந்தும். ஊருக்குத் திரும்பிவிடும் எண்ணத்தோடு இருந்தாரா, அங்கேயே நிலைத்துவிட்டாரா என்பதை அவருடைய வாழ்க்கையையும் ஆவணங்களையும் பார்த்தே முடிவு செய்வார்கள். இந்தியாவே அவருடைய டொமிசைல் என்று தெரிந்தால் அந்தப் பணத்தில் தாயாருக்குக் கால் பங்கு கேட்கலாம். அங்குள்ள வருங்கால வைப்பு நிதி மட்டும் இதில் சேராது. நியமனதாரர் (நாமினி) குறிக்கப்பட்டிருந்தால் அது அவருக்குப் போகும். சிங்கப்பூர் வீட்டையும் சேர்த்துத் தஞ்சாவூர் நீதிமன்றத்தில் பாகப் பிரிவினை வழக்குப் போடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் ‘சொத்து’ என்பது இந்தியாவில் உள்ள சொத்தையே குறிக்கும் என்று விளக்கமே இருக்கிறது. அந்நாளில் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும் ஆப்பிரிக்க நிலம் பற்றிய ஒரு வழக்கில் 1893-இலேயே, வெளிநாட்டு நிலத்தின் உரிமையைத் தாங்கள் தீர்மானிக்க முடியாது என்று கூறிவிட்டது.

*

திருவிடைமருதூர் வட்டத்தில் உள்ள எங்கள் நிலத்தை விற்கச் சென்னையைச் சேர்ந்த ஒருவரோடு கிரய உடன்படிக்கை எழுதினோம். அவர் தவணைக்குள் பணம் தரவில்லை. இப்போது கிரயம் செய்து கொடுத்துச் சுவாதீனமும் (நிலத்தின் கைவசமும்) ஒப்படைக்க வேண்டும் என்று சென்னை நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார். ‘தகராறு எழுந்தால் சென்னை நீதிமன்றமே’ என்று உடன்படிக்கையில் இருப்பது உண்மை. நாங்கள் சென்னைக்கு அலையத்தான் வேண்டுமா?

– வாசகர், கும்பகோணம்

உடன்படிக்கையில் உள்ள அந்த வரியைப் பார்த்து மலைக்க வேண்டாம். அசையாச் சொத்தை மீட்பது, பாகம் பிரிப்பது, அதன் மீதான உரிமையைத் தீர்மானிப்பது ஆகியவற்றுக்கான வழக்குகளைச் சொத்து எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் தொடுக்க வேண்டும் என்கிறது நான் மேலே குறிப்பிட்ட 16-ஆம் பிரிவு. 2005-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஏறக்குறைய உங்களுடையதைப் போன்றதே. மனை குருகிராமில் இருந்தது, உடன்படிக்கையை ஒட்டி வழக்கு டெல்லியில் தொடுக்கப்பட்டது, சுவாதீனமும் கோரப்பட்டிருந்தது. டெல்லி நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும், இல்லாத அதிகாரத்தைக் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு உண்டாக்கிவிட முடியாது என்றும் தீர்ப்பாயிற்று. இரண்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருக்கும்போது ஒன்றைத் தேர்ந்துகொள்ள மட்டுமே உடன்படிக்கை உதவும்.

இந்தப் பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பிரதிவாதி தாமே ஒன்றைச் செய்தால் போதும், நிவாரணம் முழுமையாகக் கிடைத்துவிடும் என்ற நிலையில், அவர் வசிக்கும் இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம். வெறும் கிரயப் பத்திரம் மட்டும் கேட்கும் வழக்கை இதில் அடக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. உங்கள் வழக்கில் எதிர்தரப்பு சுவாதீனமும் கேட்டிருக்கிறது. தவிர, பிரதிவாதிகளான நீங்கள் வசிப்பது கும்பகோணத்தில். ஆட்சேபணையை எதிர்வழக்குரையிலேயே, எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வனைவதற்கு முன்பாகவே எழுப்பிவிடுங்கள். தாமதமாக எழுப்பும் இட ஆட்சேபணையை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை.

டெல்டாக்காரர்களுக்குப் பயன்படும் இன்னும் இரண்டு பிரிவுகளையும் சொல்லிவைக்கிறேன். ஒரே குடும்பச் சொத்தில் கொஞ்சம் கும்பகோணத்திலும் கொஞ்சம் மன்னார்குடியிலும் இருந்தால், 17-ஆம் பிரிவின்படி இரண்டில் எந்த நீதிமன்றத்திலும் முழுச் சொத்துக்கும் ஒரே வழக்காகத் தொடுக்கலாம். கொள்ளிடப் படுகை போன்ற இடங்களில் நிலம் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதே ஐயமாக இருந்தால், ஐயம் இருப்பதைப் பதிவு செய்துகொண்டு இரண்டில் ஒரு நீதிமன்றம் விசாரிக்க 18-ஆம் பிரிவு இடம் தருகிறது.

பத்திரப் பதிவிலும் இடமே முதன்மையானது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 28-ஆம் பிரிவின்படி, சொத்து முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ எந்தச் சார்பதிவாளரின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் பத்திரம் பதிவாக வேண்டும். இந்த ‘ஒரு பகுதி’யைப் பிடித்துக்கொண்டு ஒரு தந்திரம் நடந்தது. கல்கத்தாவில் பதிவு செய்ய வசதியாக, அந்நகரத்துத் தெரு ஒன்றில் ஒரு மனை இருப்பதாக அடமானப் பத்திரத்தில் சேர்த்து எழுதினார்கள். அப்படி ஒரு மனையே கிடையாது. 1914-இல், அன்று இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அந்தப் பதிவு செல்லாது என்று தள்ளிவிட்டது. நம் பத்திரங்களின் சொத்து விவரம் ‘கும்பகோணம் பதிவு மாவட்டம்’ என்று தொடங்கி, சார்பதிவகம், வட்டம், கிராமம், புல எண் என்று இறங்கி, ‘இந்நான்கெல்லைக்குட்பட்ட’ என்று முடிவது வெறும் சம்பிரதாயத்துக்காக அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சோழர் காலத்து ஊர்ச் சபைகள் இந்த வேலையை நம்மைவிடத் துல்லியமாகவே செய்தன. இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று, இத்தனையாம் சதிரத்து என்று கல்வெட்டுகள் நிலத்தைக் குறிக்கும் முறை, வரைபடம் இல்லாமலே ஒரு துண்டு நிலத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வைக்கும். இன்றைய சில பத்திரங்களில் ‘வடக்கே வாய்க்கால், தெற்கே பிறர் நிலம்’ என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, எழுதியவரை அந்தச் சபையின் முன் நிறுத்த வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

*

எங்களுக்குப் பொறையாறு பக்கம் கொஞ்சம் நிலமும் காரைக்கால் எல்லைக்குள் கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்ள எங்கே போக வேண்டும்?

– வாசகர், தரங்கம்பாடி

வழக்கு என்றால் 17-ஆம் பிரிவே போதும். காரைக்கால் நீதிமன்றங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் இயங்குகின்றன. மனமொத்துப் பத்திரமாக எழுதுவதானால் முத்திரைத் தீர்வை இரண்டு ஆட்சிப் பகுதிகளிலும் வேறு வேறு என்பதை மறக்கக்கூடாது. தமிழ்நாட்டு நிலத்துக்கு ஒன்று, காரைக்கால் நிலத்துக்கு ஒன்று என இரண்டு பத்திரங்களாக எழுதி அந்தந்த இடத்தில் பதிந்துகொள்வது பின்னாளில் வில்லங்கச் சான்று எடுக்கும்போது தொல்லை தராது. காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. மூலப் பத்திரம் அதற்கு முந்தையதானால் பிரெஞ்சு மொழியில் இருக்கலாம். அதற்கு முதலிலேயே சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*

தென்னந்தோப்புக் காயைக் காங்கேயம் வியாபாரிக்கு விற்றோம். பணம் பாக்கி. தோப்பு இங்கே இருப்பதால் இங்கேயே வழக்குப் போடலாமா? மரமும் காயும் அசையாச் சொத்துத்தானே?

– வாசகர், பேராவூரணி

இங்கேயே போடலாம், ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல. மரத்தில் தொங்கும் காயும், மரத்திலிருந்து இறக்கும் சாறும் அசையும் சொத்து என்று பதிவுச் சட்டத்தின் 2-ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. வயலில் நிற்கும் சம்பாப் பயிரும் அப்படித்தான். காய்ப்புக்காக நிற்கும் தென்னையோ மண்ணோடு சேர்ந்த அசையாச் சொத்து. வெட்டி எடுப்பதற்கென்றே விற்ற மரமும், 2018 நவம்பரில் கஜா புயல் பெயர்த்துப் போட்ட மரமும் அசையும் சொத்து. உங்களுடையது விற்ற பொருளின் விலை கேட்கும் வழக்கு. பிரதிவாதி இருக்கும் இடத்திலோ, வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) முழுவதுமோ ஒரு பகுதியோ எழுந்த இடத்திலோ தொடுக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. பேச்சு முடிந்ததும் காயை இறக்கி ஏற்றிவிட்டதும் உங்கள் தோப்பில் என்றால் அதுவே போதுமான காரணம். எடை போட்ட சீட்டையும் லாரி வாடகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

*

கையில் பிடிக்க முடியாத பங்குகளுக்கும் சைட்டஸ் உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். வோடஃபோன் வழக்கில் நடந்தது என்ன?

– வணிகவியல் மாணவி, திருவாரூர்

உண்டு. கடனுக்குக் கடனாளி வசிக்கும் இடம், பங்குக்கு நிறுவனம் பதிவாகியிருக்கும் இடம் அல்லது பங்குப் பதிவேடு இருக்கும் இடம் என்று சட்டம் ஒரு முகவரியைக் கற்பித்துக்கொள்கிறது. 2007-இல் வோடஃபோன் குழுமத்தின் நெதர்லாந்து நிறுவனம் ஹட்சிசன் குழுமத்திடமிருந்து கேமன் தீவில் பதிவான ஒரு நிறுவனத்தின் ஒரே ஒரு பங்கை ஏறக்குறைய 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஒற்றைப் பங்குக்குப் பின்னால் இருந்தது இந்தியாவின் பெரிய கைபேசி நிறுவனம் ஒன்றின் மீதான கட்டுப்பாடு. வருமான வரித் துறை சுமார் 11,000 கோடி ரூபாய் வரி கேட்டது. கேமன் நிறுவனத்துப் பங்கின் சைட்டஸ் கேமன் தீவே, இந்தியா அல்ல என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தன் மதிப்பைப் பெரும்பாலும் இந்தியச் சொத்துகளிலிருந்து பெறும் வெளிநாட்டுப் பங்கு இந்தியாவில் இருப்பதாகவே கருதப்படும் என்று ஆக்கியது. அதையும் 1962 முதலே பொருந்தும் என்று முன் தேதியிட்டது. பங்கு ஓர் அங்குலமும் நகரவில்லை; அதன் இடம் மட்டும் சட்டத்தால் மாறிவிட்டது. முன் தேதியிட்ட பகுதியை 2021-இல் அரசே விலக்கிக்கொண்டது. விதி இன்றும் இருக்கிறது. வரி கேட்டது நியாயமா என்பது ஒருபுறம் இருக்கட்டும்; ஐம்பது ஆண்டுக்குப் பின்னோக்கி ஒரு சொத்தின் இடத்தை மாற்றியது முறையல்ல என்பதே என் கருத்து.

*

மரியாதைக்குரிய ஐயா, என் எட்டு வயது மகனுக்கு இருமல் என்று எக்ஸ்ரே எடுத்ததில் இதயம் வலப்பக்கம் இருப்பதாகத் தெரிந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு ‘சைட்டஸ் இன்வெர்சஸ் டோட்டாலிஸ்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்தே அவனுக்கு மூக்கடைப்பும் சளியும் ஓய்ந்ததில்லை. நான் உண்டாகியிருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார். நானும் என் கணவரும் அத்தை மகன், மாமன் மகள் முறை. பயமாக இருக்கிறது.

– ஒரு தாய், மயிலாடுதுறை

அம்மா, கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் மீது யாரும் பழி போட இதில் இடமே இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்கு உறுப்புகள் அனைத்தும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலப் பக்கம் மாறி அமைந்திருக்கின்றன. இதயத்தின் நுனி வலப்பக்கம், ஈரல் இடப்பக்கம், இரைப்பையும் மண்ணீரலும் வலப்பக்கம். ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார்கள். இலண்டனில் மேத்யூ பெய்லி என்ற மருத்துவர் 1788-இலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். எல்லா உறுப்புகளும் ஒன்றுபோல மாறியிருப்பதால் அவற்றுக்கு இடையிலான இணைப்புகள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். இதயத்தில் குறை இல்லாவிட்டால் மற்றவர்களைப் போலவே முழு ஆயுளும் வாழலாம். சில உறுப்புகள் மட்டும் மாறி, சில மாறாமல் குழம்பியிருக்கும் ‘சைட்டஸ் ஆம்பிகுவஸ்’ என்ற நிலையில்தான் இதயக் கோளாறுகள் மிகுதி. முழுதும் மாறியவர்களிடமும் இதயக் குறை பொதுமக்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால், இன்னும் எக்கோ எடுக்கவில்லை என்றால் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

நான் கவனிக்கச் சொல்வது அந்த ஓயாத சளியை. சுவாசக் குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பிறவியிலேயே இவை சரிவர அசையாத ஒரு நோய் உண்டு. ஓயாத சைனஸ் தொல்லை, நுரையீரல் குழாய்கள் விரிந்து சளி தேங்குவது, உறுப்புகள் பக்கம் மாறியிருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1933-இல் கார்டகெனர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் விவரித்தார். மூன்றுக்கும் காரணம் நுண்மயிரின் அசைவுக் குறைதான் என்பது 1976-இல் அஃப்ஸீலியஸ் என்ற சுவீடன் அறிஞரின் ஆய்வில் தெளிவாயிற்று.

சளிக்கும் இதயத்தின் இடத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். கரு உருவாகும் முதல் சில வாரங்களில் இடம், வலம் என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. அதன் நடுவே ஒரு சிறு குழிவில் இருக்கும் நுண்மயிர்கள் சுழன்று, சுற்றியுள்ள திரவத்தை இடப்பக்கமாகவே ஓடச் செய்கின்றன; அந்த ஓட்டம் போகும் பக்கம் எதுவோ அதுவே இடப்பக்கம் என்று உடல் முடிவு செய்கிறது. சுண்டெலிக் கருவில் இதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நுண்மயிர் அசையாவிட்டால் ஓட்டம் இல்லை. பக்கம் எப்படி அமையும் என்பது தற்செயலாகிவிடுகிறது. அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மட்டும் உறுப்புகள் பக்கம் மாறியிருக்கின்றன, மறுபாதிக்கு வழக்கப்படியே இருக்கின்றன. அந்த மறுபாதியினரின் நோய் பல ஆண்டுகள் வெறும் ‘சளித் தொல்லை’யாகவே கருதப்பட்டு மருந்து கொடுக்கப்படுவதும் உண்டு, உங்கள் மகனுக்கு எக்ஸ்ரே சீக்கிரமே வழி காட்டியிருக்கிறது.

குழந்தைகள் நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, இந்த நோயா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவின் அளவு, மரபணுப் பரிசோதனை என்று வழிகள் இருக்கின்றன. உறுதியானால் நாள்தோறும் சளியை வெளியேற்றும் பயிற்சி, தொற்று வந்தால் தாமதமில்லாத சிகிச்சை, காது கேட்கும் திறனைச் சரிபார்ப்பது என்று ஒழுங்கான கவனிப்பால் நுரையீரலைக் காப்பாற்றலாம்.

உறவுமுறைத் திருமணம் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறைபாடு வந்து சேர்ந்தால்தான் இந்த நோய் வெளிப்படும். அத்தை மகன், மாமன் மகள் மணந்தால் குழந்தையின் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16-இல் 1. அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தால் 8-இல் 1. நோய் உறுதியானால், அடுத்த குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இது தண்டனைக் கணக்கு அல்ல. அடுத்த குழந்தைக்கு முன்பாக மரபியல் ஆலோசகரிடம் பேசவேண்டும் என்பதற்கான கணக்கு.

இன்னொன்று, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உறுப்புகள் பக்கம் மாறியிருப்பதை ஒரு சீட்டில் எழுதிப் பையன் எப்போதும் வைத்திருக்கும்படி செய்யுங்கள்; பள்ளிக்கும் சொல்லிவையுங்கள். இவனுக்குக் குடல்வால் அழற்சி வந்தால் வலி இடப்பக்க அடிவயிற்றில் வரலாம். ஈசிஜி எடுப்பவர் வழக்கம்போலக் கம்பிகளைப் பொருத்தினால் பதிவு தவறாகத் தோன்றும். எக்ஸ்ரே படத்தில் பக்கத்தைக் குறிக்கும் எழுத்து மாறிவிட்டது என்று எண்ணி, விவரம் அறியாதவர் படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிடவும் கூடும். பெரியவனானபின் மாரடைப்பு வந்தால் வலி வலப்பக்கம் பரவலாம். அவசரத்தில் இவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

*

என் அம்மாவின் மார்பகத் திசுப் பரிசோதனையில் ‘கார்சினோமா இன் சைட்டு’ என்று வந்திருக்கிறது. புற்றுநோய் என்று ஒருவரும், இல்லை என்று இன்னொருவரும் சொல்கிறார்கள்.

– வாசகி, நாகப்பட்டினம்

‘இன் சைட்டு’ என்பது அதே சைட்டஸ்தான். நம் ஏழாம் வேற்றுமைபோல ‘இடத்தில்’ என்று பொருள்படும் வடிவம். செல்கள் பார்வைக்குப் புற்றுநோய்ச் செல்களாகவே இருந்தாலும், பிறந்த குழாய்க்குள்ளேயே இருக்கின்றன, குழாயைச் சூழ்ந்த அடித்தளச் சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை என்பது இதன் கருத்து. 1932-இல் பிராடர்ஸ் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் அந்தச் சவ்வுக்கு வெளியே இருப்பதால், உள்ளேயே நிற்கும் செல்கள் வேறு உறுப்புக்குப் பரவ வழியில்லை. அதனால்தான் இதைப் பூஜ்ய நிலை என்கிறார்கள். உங்களிடம் பேசிய இருவரும் ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் விட்டுவிடக் கூடியது அல்ல. எல்லாமே பரவும் புற்றுநோயாக மாறுவதில்லை. எது மாறும் என்று முன்கூட்டியே சொல்லத் திடமான வழி இல்லாததால் பொதுவாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பாதிப்பு சிறிதானால் அந்தப் பகுதியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு தருவார்கள். பரந்திருந்தால் மார்பகத்தை முழுதும் நீக்க நேரலாம். ஊசியால் எடுத்தது ஒரு துணுக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அறுவையில் எடுத்த முழுத் திசுவையும் ஆராயும்போது ஓரிடத்தில் சவ்வு உடைந்திருப்பது தெரியவரலாம்; அப்போது சிகிச்சை மாறும். பரிசோதனைக் கூடத்திலிருந்து பாரஃபின் பிளாக்கையும் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டால் வேறிடத்தில் இரண்டாவது கருத்துப் பெறுவது எளிது.

எல்லா உறுப்புக்கும் இந்தச் சொல் ஒரே அளவு ஆறுதல் தராது. கருப்பை வாயில் இந்நிலையில் கண்டுபிடித்தால் சிறு அறுவையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். சிறுநீர்ப்பையில் இதே பெயரில் வருவது வீரியம் மிக்கது. பையைத் துளைத்துக்கொண்டு முன்னேறும் இயல்புடையது. அதற்குக் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி மருந்தையே சிறுநீர்ப்பைக்குள் செலுத்திச் சிகிச்சை செய்கிறார்கள். கண்ணாடியைக் கழற்ற இளைஞர்கள் செய்துகொள்ளும் ‘லேசிக்’ சிகிச்சையின் விரிந்த பெயரிலும் ‘இன் சைட்டு’ ஒளிந்திருக்கிறது. கருவிழியை வெளியே எடுக்காமல் இருந்த இடத்திலேயே செதுக்குவதால் வந்தது. அங்கே அச்சப்பட எதுவும் இல்லை.

*

‘லோகஸ்’ என்பதற்கும் இடம் என்றுதானே பொருள்? பிறகு ‘லோகஸ் ஸ்டாண்டி’ என்று ஏன் தனியே ஒன்று?

– சட்டக் கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

மரபணு அமர்ந்திருக்கும் புள்ளியை மருத்துவர்கள் லோகஸ் என்கிறார்கள். சட்டத்தில் லோகஸ் ஸ்டாண்டி என்பது நீதிமன்றத்தின் முன் வந்து நிற்கும் தகுதி. சொத்து எங்கே என்று அது கேட்பதில்லை, நீ யார் என்று கேட்கிறது. பாதிக்கப்பட்டவரே வர வேண்டும் என்ற பழைய கெடுபிடியை 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. நம் மண்ணில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, காவிரிப் பாசன விவசாயிகளின் சங்கம் ஒன்று 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த மனு. மாநிலங்களுக்கு இடையிலான தண்ணீர்த் தகராறில் ஒரு சங்கத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியைத் தாண்டி அது நின்றது. தமிழ்நாடு அரசு அதை முழுமையாக ஆதரித்ததும் துணையாயிற்று. அந்த மனுவின் மீது 1990 மே மாதம் வந்த தீர்ப்பை அடுத்தே, ஜூனில் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது.

*

சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் என் கணவருக்குச் செய்த அறுவை சிகிச்சையில் கவனக்குறைவு நடந்ததாகக் கருதுகிறோம். வழக்குக்காகச் சென்னைக்கே போக வேண்டுமா?

– வாசகி, திருத்துறைப்பூண்டி

வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையத்தில் முறையிட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. சிகிச்சைக்கு நீங்கள் செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். மருத்துவமனையிலிருந்து வழக்குக் கோப்பின் நகல் முழுவதையும், மயக்க மருந்துக் குறிப்பேடு உட்பட, எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொண்டு, அதை அதே துறை மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கருத்தை எழுத்தில் பெற்ற பிறகு மனுவை எழுதத் தொடங்குங்கள்.